செதிள்மேல் இருந்த புள்ளிகள்

என் எம்.எஸ்சி. சான்றிதழை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்துப் பார்த்த முதல் ஆள் ஓஸ்வால்ட்தான்.

1999, ஜூன் மாதம். பெங்களூர் அடுகோடியில் லேத்துப் பட்டறை ஒன்றின் மாடியில் இருந்த டைப்செட்டிங் கம்பெனிக்கு வேலை கேட்டுப் போயிருந்தேன். எங்கள் ஊர் ஊத்தங்கரைக்குப் பக்கம். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். விலங்கியலில் முதுகலை, அதுவும் முதல் வகுப்பு. எங்கள் ஊரில் அந்தப் படிப்பைப் படித்தவர் இன்றுவரை வேறு யாரும் கிடையாது. மேலாளர் ரங்கநாதன் என்னிடம் பேசி முடித்துவிட்டு, "உள்ள இமேஜ் செக்‌ஷன்ல ஓஸ்வால்ட்னு ஒருத்தர் இருப்பார். சர்டிஃபிகேட்டை ஸ்கேன் பண்ணிட்டு வாங்க" என்று அனுப்பினார்.

திரை போட்டு இருட்டாக்கிய அறை. கழுத்தில் கறுப்புக் கயிறு கட்டி, கடிகாரம் பழுதுபார்ப்பவர்கள் வைத்திருக்கும் லென்ஸ் ஒன்றைத் தொங்கவிட்டிருந்த, ஐம்பதைத் தாண்டிய மனிதர், சான்றிதழை வாங்கி ஸ்கேனரில் வைக்காமல் டியூப்லைட்டுக்கு நேரே பிடித்தார். பிறகு லென்ஸைக் கண்ணில் செருகிக்கொண்டு முத்திரையைப் பார்த்தார்.

"இந்த சீல் ஏன் ஒரு பக்கம் மங்கலா இருக்கு?"

"யுனிவர்சிட்டில அப்படித்தான் குடுத்தாங்க சார்."

"எல்லாருக்குமா, உனக்கு மட்டுமா?"

"எல்லாருக்கும்தான் இருக்கும்."

"இருக்கும்னா? நீ பாக்கலை." லென்ஸை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். "அப்பா என்ன பண்றார்?"

"செங்கல் சூளையில வேலை."

"செங்கல் சூளையிலேருந்து ஜுவாலஜியா? ம்ம்."

அந்த 'ம்ம்' எனக்குள் போய்த் தைத்தது. "சந்தேகம்னா யுனிவர்சிட்டிக்கு போன் போட்டுக் கேட்டுக்கோங்க சார்" என்றேன்.

"கேட்டுட்டாப் போச்சு" என்றார்.

பேச்சுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். வேலையில் சேர்ந்து கொஞ்ச நாள் கழித்துத்தான் தெரிந்தது, அவர் தன் கைக்காசைப் போட்டு எஸ்.டி.டி. பூத்திலிருந்து உண்மையிலேயே கேட்டிருக்கிறார். அதை அவரே வந்து சொன்னார். "கேட்டேம்ப்பா. நீ ஒரிஜினல்தான். இந்த ஆபீஸ்ல நான் விசாரிச்சு ஒரிஜினல்னு தெரிஞ்சுகிட்டது உன்னை மட்டும்தான்." அன்றிலிருந்து என்னை 'எம்.எஸ்சி.' என்றே கூப்பிட்டார். கேலியாகத்தான் ஆரம்பித்தது. எனக்கு அது பிடித்தும் இருந்தது.

கம்பெனிக்கு வந்த வேலை முழுக்க வெளிநாட்டு விஞ்ஞான இதழ்களுடையது. கட்டுரைகளை இங்கே தட்டச்சு செய்து, பக்கம் அமைத்துத் திருப்பி அனுப்புவோம். உயிரியல் கட்டுரை என்றால் எழுத்தைச் சரிபார்ப்பது நான். படங்கள் அட்டையில் மையால் வரைந்தபடியே கூரியரில் வரும். அவை இமேஜ் செக்‌ஷனுக்குப் போகும். அட்டையை ஸ்கேன் செய்தால் அதில் ஒட்டியிருக்கும் தூசி, நூல், ஈ எச்சம் எல்லாம் திரையில் கறுப்புப் புள்ளிகளாகத் தெரியும். படத்தைப் பெரிதாக்கி, அந்தப் புள்ளிகளைத் தேடித் தேடி அழிப்பதுதான் அங்கே வேலை. இரண்டு பேர் அதைச் செய்தார்கள். ஒருவர் ஓஸ்வால்ட். இன்னொருவன் பரத். சேலத்துப் பையன், டிப்ளமா, காதில் எப்போதும் வாக்மேன். இரண்டு கம்ப்யூட்டருக்கும் ஒரே பாஸ்வேர்டு. எந்தப் படத்தை யார் செய்தார் என்று எங்கேயும் பதிவாகாது.

கம்ப்யூட்டர் பழகுவதற்கு முன்னால் ஓஸ்வால்ட் கண்டோன்மென்ட் பக்கம் ஒரு ஸ்டுடியோவில் டச்சிங் வேலை செய்தவர். நெகட்டிவைக் கண்ணாடி மேஜையில் வைத்து, கூரான பென்சிலால் முகத்தில் உள்ள பரு, வடு, கண்ணுக்குக் கீழே இருக்கும் கருமை எல்லாவற்றையும் மறைப்பார்கள். இருபது வருடத்துக்கு மேலாக அவர் பார்த்த முகங்களில் எல்லாம் அவர் தேடியது குறையை. மனிதர்களிடமும் அதையேதான் தேடினார். யாராவது இனிப்பு நீட்டினால் முதலில் "எதுக்கு?" என்பார். காரணம் சொன்ன பிறகும் எதிராளி ஒன்றை வாயில் போட்டுக்கொள்ளும்வரை எடுக்கமாட்டார். டீக்குப் போகும்போது மௌஸின் ஓரத்தில் மேஜைமேல் பென்சிலால் ஒரு கோடு போட்டுவிட்டுப் போவார். வந்ததும் மௌஸ் கோட்டிலிருந்து நகர்ந்திருக்கிறதா என்று பார்ப்பார்.

"அங்கிள், அதைத் தூக்கிட்டுப் போய் நான் என்ன பண்ணப் போறேன்?" என்பான் பரத்.

"தூக்கிட்டுப் போவேன்னு நான் சொல்லவே இல்லையே. உனக்கு எப்படித் தோணுச்சு?"

இரண்டாயிரம் பிறந்தால் உலகத்துக் கம்ப்யூட்டர்கள் எல்லாம் நின்றுவிடும் என்று பேச்சு இருந்த சமயம் அது. ரங்கநாதன் ஜனவரி ஒன்றாம் தேதி ஆபீசை மூடவைத்தார். ஓஸ்வால்ட் மட்டும் சிரித்தார். "இது வியாபாரம் குரு. பயத்தை வித்தவன் பணக்காரன் ஆயிட்டான். வாங்கினவன் லீவு விட்டுட்டான்." அந்த ஒரு சந்தேகம் பலித்ததில் பிப்ரவரி மாதம்வரை நிமிர்ந்தே நடந்தார்.

பிப்ரவரியில்தான் அந்தப் புழு வந்தது.

ஆழ்கடலில், வெயில் எட்டவே எட்டாத அடித்தளத்தில், வெந்நீர் பீறிடும் பிளவுகளின் ஓரத்தில் பிடித்த செதிள் புழு. முதுகு நெடுக, கூரைக்கு ஓடு வேய்ந்ததுபோல, ஒன்றன்மேல் ஒன்றாகச் செதிள்கள். பக்கவாட்டில் கட்டை மயிர்க் கால்கள். நான் படித்த பாடப் புத்தகத்தில் இதன் கரையோரச் சொந்தக்காரர்களைப் பற்றி ஒரு பத்தி உண்டு. இதைப் பற்றி ஒரு வரிகூடக் கிடையாது. கட்டுரை எழுதிய விஞ்ஞானி இதைப் புதிய இனம் என்று உலகத்துக்கு அறிவிக்கப் போகிறார். அந்தக் காகிதம் என் மேஜையில் இருந்தது. எனக்கு அது பெரிய விஷயமாக இருந்ததால் மத்தியான சாப்பாட்டு நேரத்தில் எல்லோரிடமும் சொன்னேன்.

"கண்ணு கிடையாது. இருட்டுலதான் வாழுது. ஆனா செதிளெல்லாம் மினுமினுன்னு மின்னுமாம்."

ஓஸ்வால்ட் சாப்பிடுவதை நிறுத்தினார். "கண்ணே இல்லாத ஜென்மத்துக்கு மினுமினுப்பு யாருக்காக?"

"அது இன்னும் யாருக்கும் தெரியாது சார்."

"அப்ப அவன் சொல்றதை எப்படி நம்பறே? அத்தனை ஆழத்துல போய் எவன் பாத்தான்? செருப்பு பிரஷ்ஷுக்கு ஒரு பேர் வெச்சு அனுப்பியிருக்கான்."

"யாராச்சும் தொட்டா செதிளை உதிர்த்துட்டு ஓடிடும்" என்றேன் நான்.

"அங்கிளுக்குச் சொந்தக்காரன்" என்றான் பரத். சாப்பாட்டு மேஜை முழுக்கச் சிரித்தது. ஓஸ்வால்ட் சிரிக்கவில்லை. டிபன் பாக்ஸை மூடி, மூடியை இரண்டு முறை அழுத்திப் பார்த்துவிட்டு எழுந்து போனார்.

மாதக் கடைசியில் ரங்கநாதன் என்னைக் கூப்பிட்டார். கையில் ஒரு ஃபேக்ஸ். "இதைப் படிச்சு எனக்கு அர்த்தம் சொல்லுங்க. நீங்கதான் ஜுவாலஜி."

படித்தேன். விஷயம் இதுதான். இந்தப் புழுவுக்குக் கூடப்பிறந்ததுபோல ஏற்கெனவே ஓர் இனம் உண்டு. பழையதன் செதிள் மழமழவென்று இருக்கும். புதியதன் செதிளில் ஓரத்தை ஒட்டி நுண்ணிய குமிழ்கள் இருக்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே அந்தக் குமிழ்கள்தான். விஞ்ஞானி அவற்றை மைப்புள்ளிகளாகக் குத்தி வரைந்திருந்தார். நாங்கள் அனுப்பிய பக்கத்தில் செதிள் இருக்கிறது, புள்ளி ஒன்றுகூட இல்லை. 'உங்கள் ஆட்கள் என் புதிய இனத்தைத் துடைத்துப் பழைய இனமாக்கிவிட்டார்கள்' என்று எழுதியிருந்தார். அதன் அடியில் பதிப்பகத்தார் சேர்த்திருந்த வரிதான் ரங்கநாதனின் முகத்தை அப்படி ஆக்கியிருந்தது. இதைச் செய்தவர் பெயரைத் தெரிவிக்க வேண்டும். அவர் இனி எங்கள் வேலையைத் தொடக்கூடாது.

இமேஜ் செக்‌ஷனுக்கு வந்த வேலை எல்லாமே அவர்களுடையது. ஆகவே அழித்தவர் யாரோ அவர் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

அலமாரியைத் திறந்து மூல அட்டையை எடுத்தோம். புள்ளிகள் இருந்தன. ரங்கநாதன் இரண்டு பேரையும் கூப்பிட்டார்.

"நான் செய்யலை" என்றான் பரத்.

"நான் புள்ளி எதையும் அழிக்கலை" என்றார் ஓஸ்வால்ட். "தூசியைத்தான் எடுப்பேன். இருபத்தஞ்சு வருஷமா எது தூசி, எது படம்னு தெரியாதவனா நான்?"

"அப்ப நான் பண்ணேன்னு சொல்றீங்களா?"

"நான் சொல்லலை. நீயே சொல்லிக்கறே."

அதற்குப் பிறகு ஆபீஸ் பழைய ஆபீசாக இல்லை. ஜோடியாக டீக்குப் போனவர்கள் தனித்தனியாகப் போனார்கள். பரத் 'அங்கிள்' என்பதை விட்டுவிட்டு 'அந்த ஆள்' என்றான். ஓஸ்வால்ட் துப்பறிந்தார். பரத் அந்த வாரம் பஜ்ஜி தின்ற கையோடு மௌஸைத் தொட்டான் என்றார். ஸ்கேனர் கண்ணாடியைத் துடைக்கும் பெண் எதற்கு அன்று சீக்கிரம் போனாள் என்றார். நாலைந்து நாளில் சுற்றி வந்து என்னிடமே நின்றார். ஜன்னலோரம் தள்ளிக்கொண்டு போய்த் தணிந்த குரலில் கேட்டார்.

"எம்.எஸ்சி., ஒண்ணு கேக்கறேன், கோச்சுக்காதே. எந்தப் புள்ளி முக்கியம்னு தெரிஞ்சவன்தானே சரியா அதை மட்டும் அழிக்க முடியும்? இந்த ஆபீஸ்ல ஜுவாலஜி தெரிஞ்சவன் யாரு?"

எனக்குக் காது சூடானது. "படிச்சதுக்கு இதுதான் மரியாதையா சார்? எனக்கு உங்க ரூம் பாஸ்வேர்டே தெரியாது."

"தெரியாதுன்னு நீ சொல்றே."

"ரங்கநாதன் சாருக்குத் தெரியும். அவரையும் சந்தேகப்படுங்க."

"படாமலா இருக்கேன்?" என்றார், ரொம்ப நிதானமாக.

ஆனால் எனக்கும் சந்தேகம் இருந்தது, அவர்மேல். பரத் அழிக்கிற ஆள் இல்லை. அவன் செய்த படங்களில் நூல் கிடக்கும், மயிர் கிடக்கும். ரங்கநாதன் திருப்பி அனுப்புவார். அவன் மறுபடி அரைகுறையாகச் செய்வான். ஓஸ்வால்டின் படம்தான் கழுவிவிட்ட தரைமாதிரி இருக்கும். எங்களுக்கு வந்த பாராட்டு எல்லாம் அந்தச் சுத்தத்துக்குத்தான் வந்தது. இதை யாரிடமும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கையில் சாட்சி இல்லாமல் ஒருவரின் சோற்றில் கைவைக்க நான் யார்?

அந்த ஞாயிற்றுக்கிழமை அவருடைய மனைவி கேத்தரின் ஆள் அனுப்பி என்னை வீட்டுக்கு வரச் சொன்னார். காக்ஸ் டவுனில், பெரிய பழைய பங்களா ஒன்றின் பின்கட்டில் வாடகைக்கு இருந்தார்கள். கேத்தரின் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் சின்ன வகுப்பு டீச்சர். சர்ச்சில் பூசை முடிந்து வந்திருந்தார். ஓஸ்வால்ட் கறி வாங்கப் போயிருந்தார். எனக்குக் காப்பி கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார்.

"தம்பி, நீ படிச்சவன். உள்ளதைச் சொல்லு. அவர்தானா?"

"தெரியலை ஆன்ட்டி."

"எனக்குத் தெரிஞ்சுபோச்சுப்பா, அதான் பயம். அவர் அந்தப் பையனைத் திட்டற மாதிரியே முன்னாடி ஒருதரம் திட்டிக் கேட்டிருக்கேன்." குரலைத் தாழ்த்தினார். "ஸ்டுடியோல இருந்தப்ப ஒரு பொண்ணு போட்டோ. உதட்டுக்கு மேல பெரிய மச்சம். இவரு பருன்னு நெனச்சு எடுத்துட்டாரு. போட்டோவைப் பாத்து சரின்னு சொன்ன மாப்பிள்ளை வீட்டுக்காரங்க நிச்சயத்துக்கு வந்து பாத்தா மச்சம் இருக்கு. பொண்ணை மாத்திட்டீங்கன்னு சண்டை. ஸ்டுடியோ ஓனர் இவரைக் கேட்டா, என்ன சொன்னாரு தெரியுமா? நெகட்டிவ்ல மச்சமே இல்ல, அந்தப் பொண்ணு இப்பதான் மையால வெச்சுட்டு வந்திருக்கான்னு. மூணு மாசம் அதையே சொல்லிட்டிருந்தாரு. பொய் சொல்லலை தம்பி. நெஜமாவே அப்படித்தான் நெனச்சாரு."

எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

"இந்த வேலை போச்சுன்னா அவரை எவன் எடுப்பான்? கம்ப்யூட்டர் தெரிஞ்ச பசங்க தெருத்தெருவா நிக்கறாங்க. என் சம்பளத்துல இந்த வீட்டுல இருக்க முடியாது. பொண்ணு வீணாவுக்கு இன்னும் ரெண்டு வருஷம் நர்சிங் படிப்பு இருக்கு."

கதவு திறந்தது. ஓஸ்வால்ட் கறிப் பையோடு நின்றார். எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார்.

"என்னைப் பத்தியா?"

"ஆமா. உன் அழகைப் பத்தி" என்றார் கேத்தரின் சட்டென்று. "கறி எலும்பா கொடுத்தானா, சதையா?"

"எடை போடறப்பவே பாத்துட்டுத்தான் நின்னேன்." பையை அவரிடம் கொடுத்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். முகத்தில் ஒரு வெளிச்சம். "எம்.எஸ்சி., கறிக்கடையில ஒண்ணு கண்டுபிடிச்சேன். அவன் என்கூட ஊர்க்கதையெல்லாம் பேசறான். கை அது பாட்டுக்கு வெட்டுது. கத்தியைப் பாக்கறதே இல்ல. வாய் என்ன வேணா பொய் சொல்லும். கைக்குப் பொய் சொல்லத் தெரியாது. அந்தப் பையனைப் பிடிக்க எனக்கு வழி கிடைச்சாச்சு."

கேத்தரின் சமையல்கட்டு வாசலில் நின்று என்னைப் பார்த்தார். வேண்டாம் என்று சொல்லும்படி கண்ணாலேயே கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் ஓஸ்வால்ட் திட்டம் முழுவதையும் சொல்லி முடித்துவிட்டார்.

மறுநாள் காலை ரங்கநாதன் அதற்குச் சம்மதித்தார். அவருக்கும் பதில் எழுத ஒரு பெயர் தேவைப்பட்டது. அதே விஞ்ஞானியின் கட்டுரைக்கு இன்னும் யாரும் தொடாத படங்கள் கொஞ்சம் வந்திருந்தன. அவற்றோடு வேறு வரைபடங்களையும் கலந்து ரங்கநாதன் தன் கையாலேயே ஸ்கேன் செய்து, இரண்டு பேருக்கும் ஒரே கட்டைக் கொடுத்தார். எல்லோருக்கும் தெரிய, திரையை விலக்கிவிட்டு வேலை செய்ய வேண்டும். ஓஸ்வால்ட் ஒரு நிபந்தனை போட்டார்.

"சும்மா உம்முன்னு உக்காந்து பண்ணக் கூடாது. பேசிட்டே பண்ணணும். அமைதியா இருந்தா எவனும் ஜாக்கிரதை ஆயிடுவான். பேச்சு குடுத்தாதான் கை தானா ஓடும்."

"எனக்கு ஓகே" என்றான் பரத். முகம் வெளுத்திருந்தது.

முதலில் பரத். ஓஸ்வால்ட் அவன் பின்னால் நின்றுகொண்டு பேச்சுக் கொடுத்தார். சேலத்தில் எந்தத் தெரு, சம்பளத்தில் வீட்டுக்கு எவ்வளவு அனுப்புகிறாய், அந்த வாரம் பஜ்ஜி எந்தக் கடையில். பரத் பதில் சொல்லிக்கொண்டே படத்தை மேலும் கீழும் நகர்த்தினான். பெரிய தூசி நாலைந்தை எடுத்தான். ஒரு மேப்பின் நடுவில் யாருடைய தலைமயிரோ ஆறுபோல ஓடியது, அதை அப்படியே விட்டுவிட்டான். புழுவின் படங்களைத் தொட்டதாகவே தெரியவில்லை.

"டேய், அந்த முடியையாவது எடுடா" என்றார் பின்னாலிருந்து ஒருவர்.

"அது நதி இல்லையா?" என்றான் பரத். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். ரங்கநாதன் தலையில் அடித்துக்கொண்டார்.

"நடிக்கறான்" என்றார் ஓஸ்வால்ட். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

அவர் வேலை செய்வதை அவ்வளவு பக்கத்தில் நான் பார்த்தது அன்றுதான். மேப்பில் இருந்த தூசியும் மயிரும் அவர் கை பட்டதும் காணாமல் போயின. பேச்சு நிற்கவேயில்லை. புழுவின் செதிள் திரைக்கு வந்ததும் கையை மௌஸிலிருந்து எடுத்து, விரலால் காட்டினார். "எல்லாரும் பாத்துக்கோங்க. இது செதிள். இதுல புள்ளி இருக்கு. நான் தொடலை. ஆயித்தா, சரியா?" அடுத்த படத்துக்குப் போனார்.

அடுத்தது அந்தப் புழுவின் ஒரு கால். மயிர்க் கற்றைக்கு மேலே மெல்லிய காம்பு ஒன்று நீண்டிருந்தது. அந்தக் காம்பிலும் விஞ்ஞானி நுண்ணிய புள்ளிகள் குத்தியிருந்தார். கட்டுரையின் எழுத்தைச் சரிபார்த்தவன் என்பதால் எனக்கு அது தெரியும்.

"பஜ்ஜி எண்ணெய் கையில இருந்தா மௌஸ் வழுக்கும். வழுக்கினா எங்கயோ வெக்கற அம்பு எங்கயோ போகும். நான் அவனைக் கெட்டவன்னு சொல்லலை. கவனம் இல்லாதவன்னு சொல்றேன். இந்த வயசுப் பசங்களுக்குக் கவனம் எங்க இருக்கு, காதுல பாட்டு, மனசுல எவளோ..."

டிக். டிக். டிக். காம்பின் அடியிலிருந்து நுனிவரை புள்ளிகள் ஒவ்வொன்றாக மறைந்துகொண்டிருந்தன.

முதலில் பேச்சை நிறுத்தியது பரத். பிறகு பின்னால் நின்றவர்கள். ரங்கநாதன் என் தோளைத் தொட்டார்.

"என்னங்க, அது தூசியா?"

மேஜைமேல் இருந்த மூல அட்டையை எடுத்துப் பார்த்தேன். பார்க்கத் தேவையே இல்லை. இருந்தாலும் பார்த்தேன். அவருடைய மனைவி கண்ணாலேயே கேட்டதும் ஞாபகம் வந்தது. ஆனால் பக்கத்தில் பரத் நின்றிருந்தான். அவனுக்கும் வீடு இருந்தது.

"தூசி இல்ல சார். காம்புல இருக்கற குமிழ். கட்டுரையில எழுதியிருக்கு."

ஓஸ்வால்டின் கை நின்றது. திரையைப் பார்த்தார். திரையிலிருந்து தன் கையைப் பார்த்தார், அது வேறு யாருடையதோ என்பதுபோல. பிறகு மெதுவாகக் கீபோர்டில் ஒரு விசையைத் தட்டினார். ஒரு புள்ளி திரும்பி வந்தது. மறுபடி தட்டினார். இன்னொன்று வந்தது. காம்பு முழுக்கப் புள்ளி நிறையும்வரை தட்டிக்கொண்டே இருந்தார். கீழே லேத்து மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"அப்ப அந்தச் செதிளும் நாந்தான்" என்றார்.

கூட்டம் கலைந்தது. ரங்கநாதன் அறையில் நாங்கள் நாலு பேர் இருந்தோம். ரங்கநாதன் பேனாவை உருட்டிக்கொண்டே சொன்னார். "ஓஸ்வால்ட், ஸ்கேனர்ல கோளாறு, சின்னப் புள்ளி எதையும் எடுக்கலைன்னு எழுதிடறேன். புது ஸ்கேனர் மாத்திட்டோம்னு ஒரு வரி. முடிஞ்சுது. நீங்க இனிமே புழு, பூச்சியைத் தொடாதீங்க. மேப் மட்டும் பாருங்க."

நான் பெருமூச்சு விட்டேன். ஓஸ்வால்ட் விடவில்லை.

"ஏன் சார்?"

"ஏன்னா?"

"எனக்கு எதுக்கு இவ்வளவு பண்றீங்க?"

"சீனியர் நீங்க. வயசாச்சு. அதான்."

"அங்கிள், ஒத்துக்கோங்க அங்கிள்" என்றான் பரத். நெடுநாள் கழித்து அந்த 'அங்கிள்' வந்தது. "நானும் ஸ்கேனர்தான்னு சொல்லிடறேன். யாரு வந்து பாக்கப் போறாங்க?"

ஓஸ்வால்ட் அவன் பக்கம் திரும்பினார். "உன்னை இத்தனை நாளா திட்டினேன். நீ ஏன்டா நல்லவனா இருக்கே? என்ன வேணும் உனக்கு?"

"ஒண்ணும் வேணாம் அங்கிள்."

"ஒண்ணும் வேணாங்கறவன்கிட்டதான் ஜாஸ்தி ஜாக்கிரதையா இருக்கணும்."

"சார், தயவுசெஞ்சு இந்த ஒரு தடவை நம்புங்க" என்றேன் நான்.

அவர் என்னைப் பார்க்காமல் ரங்கநாதனிடம் பேசினார். கோபம் இல்லை. கணக்குப் போட்டுப் பார்த்தவர்போலப் பேசினார். "இன்னிக்கு ஸ்கேனர்னு எழுதுவீங்க. அடுத்த வருஷம் நான் இன்க்ரிமென்ட் கேட்டா, 'ஓஸ்வால்ட், அந்தப் புழு ஞாபகம் இருக்கா'ம்பீங்க. இவன் லேட்டா வருவான், நான் கேட்டா, 'அங்கிள், அந்தப் புழு'ம்பான். நீங்க சொல்லமாட்டீங்க, சரி. சொல்லுவீங்களோ சொல்லுவீங்களோன்னு தினம் உங்க மூஞ்சியைப் பாத்துட்டு உக்காந்திருக்கணும். எனக்கு நக்கோ சார், வேணாம். என் பேரையே எழுதுங்க."

"வீட்ல யோசிச்சுட்டு நாளைக்குச் சொல்லுங்க."

"நாளைக்கு நான் ஒத்துக்குவேன் சார். அதனாலதான் இன்னிக்கே எழுதச் சொல்றேன்."

ரங்கநாதன் எழுதினார். ஓஸ்வால்ட் அதை வாங்கித் தன் பெயரின் ஆங்கில எழுத்துகள் சரியாக இருக்கின்றனவா என்று சரிபார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். பிறகுதான் அது ஃபேக்ஸில் போனது. அது போய்ச் சேர்ந்த சீட்டு வெளியே வரும்வரை இயந்திரத்தின் பக்கத்திலேயே நின்றார்.

சாயங்காலம் பஸ் நிறுத்தம்வரை அவர்கூட நடந்தேன். ஓசூர் ரோட்டில் லாரிப் புகை. கேத்தரினிடம் என்ன சொல்வீர்கள் என்று கேட்டேன்.

"அவளுக்கு முன்னாடியே தெரியும். நேத்து உன்கிட்ட அதைத்தானே சொல்லிட்டிருந்தா?" என்றார். பஸ் வந்தது. ஏறுவதற்கு முன் திரும்பி, "நீ தூசின்னு சொல்லியிருக்கலாம், எம்.எஸ்சி. நான் உன்னை அதுக்கப்புறம் நம்பியிருக்கமாட்டேன், அவ்ளோதான்" என்றார்.

செதிள் படத்தையும் கால் படத்தையும் பரத் மறுபடி செய்தான். நான் பக்கத்தில் உட்கார்ந்து புள்ளிகளைக் காட்டினேன். கட்டுரை அந்த வருடக் கடைசியில் வெளியானது. புழு புதிய இனமாகவே அச்சேறியது. இதழ் வந்ததை ஓஸ்வால்டிடம் சொன்னேன். அவர் பார்க்கக் கேட்கவில்லை, நானும் எடுத்துப் போகவில்லை.

இரண்டு மாதத்தில் காக்ஸ் டவுன் பின்கட்டைக் காலி செய்தார்கள். கேத்தரின் என்னிடம் இரண்டு வருடம் சரியாகப் பேசவில்லை. வீணா படிப்பை முடித்து வேலைக்குப் போன பிறகுதான் ஒரு கிறிஸ்துமஸுக்குக் கூப்பிட்டு அனுப்பினார்.

இது 2007. ஓஸ்வால்டுக்கு அறுபது வயது ஆகிறது. ஊருக்கு வெளியே ஹெப்பகோடியில் ஒரு ஆயத்த ஆடைத் தொழிற்சாலையின் வாசலில், வெளியே போகும் சரக்கைச் சோதித்து அனுப்பும் வேலையில் இருக்கிறார். தொழிற்சாலைக்குப் பின்னால் இரண்டு அறை வீட்டில் அவரும் கேத்தரினும் வசிக்கிறார்கள்.